செயின் கழல்கிறது, பெடல் அசையவில்லை

கேள்வி: மகள் டியூஷனுக்கு ஓட்டிப்போவது கியர் இல்லாத பழைய சைக்கிள். டவுனில் இருந்த சைக்கிள் கடையை மூடிவிட்டார்கள், அதனால் முதல் தடவையாக நானே ரிப்பேர் பார்க்கிறேன். மழையில் நனைந்து செயின் கிறீச்சிட்டது என்று சமையல் எண்ணெய் விட்டேன். இப்போது கறுப்பாகப் பசைபோல அப்பிக்கிடக்கிறது, மேட்டில் மிதித்தால் கழன்றுவிடுகிறது. இடது பெடலும் உடைந்துவிட்டது. அதைக் கழற்ற ஸ்பேனர் போட்டு எவ்வளவு திருப்பியும் அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் பெடலைத் திருப்புவதை நிறுத்துங்கள், நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ், கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்று விழாமலிருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். முந்தின ராத்திரியே மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள், காலையில் 15-ஆம் நம்பர் ஸ்பேனர் போடுங்கள், பெரும்பாலான பெடலுக்கு அதுதான் சேரும். புதுப் பெடலில் எல், ஆர் என்று குறி இருக்கும். இடப்பக்கத்துக்கு எல். முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள், கோணலாக ஏறினால் கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையின்) மரை போய்விடும், அப்புறம் செலவு பெரிது.

அடுத்தது செயின். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துப்போகும், தோட்டத்துச் செம்மண் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போலச் செயினை உள்ளேயே தேய்க்கும். கழற்ற வேண்டாம். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக் கட்டையிலோ படக் கூடாது. கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற செயின் எண்ணெயே போதும், ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளேதான், வெளியே நிற்பது மண்ணைத்தான் சேர்க்கும். பெரிய மழையில் நனைந்த பிறகு ஒவ்வொரு தடவையும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

கழல்வதற்குப் பெரும்பாலும் தொய்வுதான் காரணம். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், அரை அங்குலம் ஆடினால் சரி. அதற்கு மேல் ஆடினால் பின்சக்கரத்தின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். அப்படியும் கழன்றால் அடிக்கோலை எடுங்கள். செயினில் ஓர் ஆணியின் நடுவில் அடிக்கோலின் தொடக்கத்தை வைத்து, அதற்கு அடுத்த ஆணியை ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால் 24-ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 12⅛ வந்தால் அந்தச் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும், பல்சக்கரமும் கூர்கூராகத் தேய்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

சக்கரத்தை இழுத்த பிறகு பின் பிரேக்கைச் சோதிக்காமல் மகளிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் கட்டை டயரில் உரசுகிற இடத்துக்கு நகர்ந்திருக்கும். அதன் நட்டைத் தளர்த்தி, கட்டை ரிம்மில் மட்டும் படும்படி வைத்து இறுக்குங்கள். கிராங்க் சுழல்கிற நடு அச்சையும் சக்கரத்துக்குள் இருக்கும் பால்ஸையும் (சின்ன இரும்புக் குண்டுகளையும்) இப்போதைக்குத் தொட வேண்டாம்.