கடன் மதிப்பெண் குறைவாக இருக்கும்போது கார் வாங்கலாமா?

கேள்வி: கிரெடிட் கார்டு நிலுவையைப் பேசிக் குறைத்துக் கட்டியதால் என் சிபில் மதிப்பெண் 610 ஆகிவிட்டது. வங்கி மறுத்த நிலையில், பழைய கார் வாங்க ஒரு நிதி நிறுவனம் 12 சதவீத வட்டியில் 4 லட்சம் ரூபாய் தர முன்வந்துள்ளது. ஏற்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். அந்த 12 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டியாக இருந்தால், அசல் மாதந்தோறும் குறைந்தாலும் வட்டி முழு 4 லட்சத்துக்கே கணக்கிடப்படும் என்பதால், 5 ஆண்டுகளில் வட்டி மட்டுமே 2,40,000 ரூபாய் ஆகும். மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் குறையும் நிலுவை முறையில் பார்த்தால் அது ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் அதிகமான வட்டி. கடன் வாங்குவோர் பெரிதும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டியது அந்த நிதி நிறுவனத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கார் உடனடித் தேவை இல்லையென்றால், சில மாதங்கள் பொறுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தள்ளுபடியான பாக்கியைச் செலுத்தி, நிலுவையின்மைச் சான்று பெற்று, கடன் அறிக்கையில் உள்ள ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டியது) என்ற குறிப்பை ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என மாற்றும்படி அந்த வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகிறது; குறிப்பு மாறியதா என்பதை அதில் பார்க்கலாம். இதற்கிடையே பல இடங்களில் விண்ணப்பித்தால் மதிப்பெண் மேலும் குறையக்கூடும். சேரும் பணத்தை முன்பணமாக்கிச் சிறிய கடனாக வாங்குங்கள், காரின் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) முந்தைய உரிமையாளரின் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.