சொட்டு விட்டதும் மஞ்சளாச்சா? அதுக்காக ஒன்றரை லட்சம் குடுக்காதீங்க

ஈரோட்டுலேருந்து ஒரு வாசகி கேட்ருக்காங்க: மிஷின் விக்க வந்தவர் எங்க ஆர்ஓ தண்ணில ஒரு சொட்டு விட்டார், மஞ்சளாயிடுச்சு, இது ஆசிட், கேன்சர் வரும், ஒன்றரை லட்சத்துக்கு ஆல்கலைன் மிஷின் (தண்ணிய காரமாக்குற மிஷின்) போடுங்கன்றார், வாங்கலாமா?

வாங்காதீங்கம்மா. அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க.

அந்த சொட்டு வெறும் சாயம். பெரும்பாலும் ப்ரோமோதைமால் ப்ளூதான் வச்சிருப்பாங்க, பிஹெச் (ஆசிட்டா காரமான்னு சொல்ற நம்பர், 7 நடுநிலை, குறைஞ்சா ஆசிட், கூடினா காரம்) 6-க்கு கீழ மஞ்சள், 7 கிட்ட பச்சை, 7.6 தாண்டினா நீலம். ஆர்ஓல உப்பெல்லாம் போயிடுறதால காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு லேசா கரைஞ்சாலே தண்ணி 6 பக்கம் இறங்கிடும், அவ்ளோதான் விஷயம். குடிதண்ணிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10500 சொல்றது 6.5லேருந்து 8.5, அதுகூட முக்கியமா பைப் அரிக்கக்கூடாதுன்னுதான்.

அவரை உங்க மோர்ல ஒரு சொட்டு விடச் சொல்லுங்க, அதுவும் மஞ்சள்தான் காட்டும். தயிர் பிஹெச் 4, 4.5 இருக்கும், எலுமிச்சை சாறு 2 சொச்சம். ஒரு நம்பர் குறைஞ்சா பத்து மடங்கு ஆசிட், அப்ப நம்ம மோரும் ரசமும் என்ன கேன்சரா குடுக்குது? அந்த மிஷின்ல வர்ற, சொட்டு விட்டா நீலமாகுற தண்ணியக் குடிச்சாலும் வயித்துக்குள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட்லதான் போய் விழும். ரத்தத்தை 7.35–7.45ல வச்சிருக்குறது நுரையீரலும் கிட்னியும், மிஷின் இல்ல.

நீங்களே பாக்கணும்னா மஞ்சத்தூள் போதும்னு சொல்வாங்க, பாதிதான் சரி. சோப்புத்தண்ணி, சுண்ணாம்பு பட்டா செவக்கும், ஆரத்தி தண்ணி மாதிரி. ஆனா ஆசிட்லயும் சாதா தண்ணிலயும் மஞ்சளாவேதான் இருக்கும். சங்குப்பூவ வெந்நீர்ல போட்டு எடுங்க, எலுமிச்சை விட்டா ஊதாவா மாறும், சோடா உப்பு போட்டா பச்சைப் பக்கம் போகும்.

ஆசிட்டுக்கு பயப்படணும்னா இங்க பயப்படுங்க: ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளை, செம்பு பாத்திரத்துல புளி, தயிர், எலுமிச்சை வைக்கவே வைக்காதீங்க, செம்பு கரைஞ்சு வாந்தி வரும். "ஆரோக்கியம்"னு செம்பு பாட்டில்ல எலுமிச்சைத் தண்ணி ராத்திரி பூரா ஊற வச்சு காலைல குடிக்கிறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு நிறுத்துங்க. செம்பு பாட்டில்ல வெறும் தண்ணி மட்டும், எலுமிச்சைய டம்ளர்ல ஊத்தினப்புறம் பிழிஞ்சுக்கோங்க.

சர்க்கரை வியாதி, கேன்சரை குணமாக்கும்னு விளம்பரம் பண்றதை தடுக்க 1954லயே சட்டம் போட்டாச்சு, ஆனாலும் வீடு வீடா ஏறி இதைத்தானே சொல்லி வித்துட்டு இருக்காங்க, யாரு தடுக்குறா? தண்ணில நிஜமாவே சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரிய லேபுக்கு சாம்பிள் எடுத்துட்டுப் போங்க, கட்டணம் கட்டினா எழுத்துலயே ரிப்போர்ட் தருவாங்க.