வீடு தேடி வந்து அம்மாவைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளரை அரசு பாராட்ட என்ன செய்யலாம்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். பிறகு அவருக்குத்தான் சிக்கல். சென்னையில் என்றால் ரிப்பன் மாளிகைக்கு, மாநகராட்சி ஆணையர் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். நகல் மண்டல அலுவலகத்துக்கு. 'மிகவும் நல்லவர்' என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். தெருவில் மழைநீர் தேங்கிய நாளிலும் வந்தாரா? இரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டு மருத்துவமனைக்கு அனுப்பினாரா? தேதியோடு எழுதுங்கள். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்கு நற்சான்றிதழ் தருவது வழக்கம். அதற்கு மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும். ஆகவே ஆகஸ்டுக்கு வெகுமுன்பே கடிதம் போய்ச் சேரட்டும். 2021-இல் தொடங்கிய இத்திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். அதனால் எழுத்தில் ஒரு சான்று இருப்பது அவர்களுக்குக் கூடுதலாகவே உதவும்.