டி.ஓ. படிச்சா முழு டாக்டரா?

கேள்வி: என் பொண்ணு அமெரிக்கால பிரீ-மெட் (மெடிக்கல் காலேஜுக்கு முன்னாடி படிக்கிற டிகிரி) முடிக்கப் போறா. எம்.டி. (இங்க வழக்கமான டாக்டர் படிப்பு) காலேஜோட சேர்த்து டி.ஓ. பட்டம் தர்ற ஆஸ்டியோபதி காலேஜுக்கும் அப்ளை பண்றேங்கிறா. சொந்தக்காரங்க அது எலும்பு நீவி விடுற படிப்புங்கிறாங்க. நம்பிச் சேக்கலாமா? – ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தாராளமா சேத்து விடுங்கம்மா. சொந்தக்காரங்க சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு, மத்த பல நாடுகள்ல ஆஸ்டியோபாத்னா கையால வைத்தியம் பாக்குறவங்க மட்டும்தான், ஆனா அமெரிக்கால டி.ஓ.ன்னா முழு டாக்டர், 50 மாநிலத்துலயும் மருந்து எழுதலாம் ஆபரேஷன் பண்ணலாம். 1892-ல மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்ல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்ங்கிற டாக்டர் திறந்த முதல் ஆஸ்டியோபதி காலேஜ்ல இருந்து வந்த வழி இது.

எம்.டி.க்கு எழுதுற அதே எம்கேட் நுழைவுத் தேர்வு, அதே 4 வருஷம். கூடுதலா ஒரு 200 மணி நேரம் கைப் பயிற்சி: ஆளை டேபிள்ல குப்புறப் படுக்க வச்சு முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரலால தடவி எங்க இறுக்கம்னு கண்டுபிடிக்கணும், கிளாஸ்மேட்ஸ் மேலயேதான் பழகுவாங்க. (வேலைக்குப் போனப்புறம் நிறைய பேர் இதைத் தொடுறதே இல்லைங்கிறது வேற கதை!)

யோசிக்க வேண்டியது எக்ஸாம்தான். டி.ஓ. பசங்களுக்கு காம்லெக்ஸ்ங்கிற லைசென்ஸ் தேர்வு கட்டாயம். 2020-ல எம்.டி., டி.ஓ. ரெண்டு பேரோட ரெசிடென்சியும் (படிப்பு முடிச்சப்புறம் ஆஸ்பத்திரில எடுக்குற பயிற்சி) ஒரே அங்கீகாரத்துக்குக் கீழ வந்தாச்சு, ஆனாலும் போட்டி அதிகமான பிரிவுகள்ல எம்.டி. பசங்க எழுதுற யு.எஸ்.எம்.எல்.இ. லைசென்ஸ் தேர்வு ஸ்கோரும் எதிர்பாக்குறாங்க, அதனால பலர் ரெண்டையும் எழுதுறாங்க, டபுள் பீஸ், டபுள் டென்ஷன். ஃபேமிலி மெடிசின்னா அவ்வளவு கவலை வேணாம். டெர்மட்டாலஜி, நியூரோசர்ஜரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா எம்.டி. சீட்டுக்கே முதல்ல முட்டச் சொல்லுங்க. அப்புறம், நிறைய டி.ஓ. காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது, மூணாவது வருஷ ரொட்டேஷன் (ஆஸ்பத்திரில ஒவ்வொரு பிரிவா மாறி மாறி எடுக்குற பயிற்சி) எந்த ஊர்லன்னு இன்டர்வியூலயே கேட்டுக்கச் சொல்லுங்க.