குறட்டையும் கால் குடைச்சலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து இரவில் காய்கறி லோடு ஏற்றிக் கேரளாவுக்குச் செல்லும் ஓட்டுநர். உறங்கும்போது பலத்த குறட்டை. நடுநடுவே மூச்சு அடங்கித் திணறி விழிக்கிறார். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. "உழைத்த அசதி, நன்றாக உறங்கட்டும்" என்கிறார் மாமியார். எனக்கோ, பீடி சுற்றிவிட்டு இரவில் படுத்தால் கால் குடைச்சல். எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மாமியார் பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார்; ஆனால் நீங்கள் விவரித்திருப்பது நல்ல உறக்கத்தின் அடையாளம் அன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்வதால், நெஞ்சு இழுத்தும் காற்று உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இந்தத் தடையை உறக்க மூச்சுத்தடை என்கிறோம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு அவரை அரைகுறையாக எழுப்புகிறது. காலையில் அது எதுவும் அவர் நினைவில் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவரே இந்த நோய்க்கு முதல் சாட்சி என்பதால், மூச்சு அடங்கும் அந்த நேரத்தைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறங்காத இரத்த அழுத்தத்திற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உறங்கும்போது இயல்பாகச் சற்றுத் தாழ வேண்டிய அழுத்தம், ஒவ்வொரு திணறலிலும் சுரக்கும் அட்ரினலின் போன்றவற்றால் தாழாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் பகலிலும் அது நிலைத்துவிடுகிறது. மூன்று வகை மாத்திரைக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர்களிடம் மூச்சுத்தடை மிகுதியாகக் காணப்படுகிறது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகும்போது "எப்படி உறங்குகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு நம் புறநோயாளிப் பிரிவு நெரிசலில் நேரம் கிடைப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. சர்க்கரை நோயும் இதனுடன் சேர்ந்தே வருவதுண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

"பருத்தவருக்குத்தானே இது வரும்?" என்று யாரேனும் சொன்னால், அந்த எண்ணம் பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களை அளந்து பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயதுள்ளோரிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மூச்சுத்தடை இருந்தது. அங்கே உடற்பருமன் முக்கியக் காரணம். ஆசிய மக்களிடமோ தாடை, முக எலும்புகளின் அமைப்பால் மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதும் சேர்ந்துகொள்வதால், குறைந்த எடையிலேயே இந்நோய் வருகிறது. உயரத்திற்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல்நிறைக் குறியீடு (பிஎம்ஐ) உங்கள் கணவருக்குச் சுமார் 26. மேலைநாட்டு அட்டவணைப்படி அது சற்று மிகை எடை மட்டுமே. இந்தியர்களுக்கு வகுத்த அளவுப்படி 25ஐத் தாண்டினாலே உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தொப்பையைச் செழிப்பாகக் கருதும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது மிக அவசரமானதைச் சொல்கிறேன். பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும் வரை, புளியரை மலைப்பாதை வளைவுகளில் அவர் இரவில் தனியாக வண்டி ஓட்டக் கூடாது. உறக்கம் துண்டு துண்டான மூளை, கண் திறந்திருக்கும்போதே சில விநாடி அணைந்துவிடும். தேநீரும் வெற்றிலையும் அதைத் தடுக்காது. வருமானம் போகுமே என்பது புரிகிறது. முதலாளியிடம் பேசி மாற்று ஓட்டுநர் ஒருவரை உடன் அனுப்பவோ, சில வாரம் பகல் ஓட்டமாக மாற்றவோ கேளுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய் அல்லது காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். உறங்கும்போது மூச்சு, இதயத்துடிப்பு, ஆக்சிஜன் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறக்க ஆய்வுதான் நோயை உறுதிப்படுத்தும். வீட்டிலேயே செய்யும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. அவர் வழக்கமாக உறங்கும் நேரத்தில் அதைச் செய்வதே சரி. மூச்சுத்தடை மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசானது. 30ஐ எட்டினால் கடுமையானது. கடுமையானவர்களுக்கு முகமூடி வழியாக ஓயாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியே முதல் சிகிச்சை. 1981இல் ஆஸ்திரேலியாவின் கோலின் சல்லிவன் வெளியிட்ட முறை இது. பகல் உறக்கத்தை நன்றாகப் போக்கும், இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கும். ஆனால் இதயநோய் உள்ளவர்களிடம் நடத்தி 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை; எனவே கருவி வாங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ஒருக்களித்துப் படுப்பது உதவும். மதுவும், மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்துவதால் இரண்டும் கூடவே கூடாது.

உங்கள் கால் குடைச்சலைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பெண்களின் நோய்க்கு எப்போதும் அந்த இடம்தான். ஓய்வில் கூடி, நடந்தால் அடங்கி, இரவில் மிகுவது ஓய்வற்ற கால் நோயின் குணம்; நாளெல்லாம் கால் மடக்கி அமர்ந்த அசதி மட்டும் என்று விட்டுவிடக் கூடாது. உடலில் இரும்புச்சத்து குறைவது இதற்கு முக்கியக் காரணம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அது சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பாருங்கள், ஏனெனில் சேமிப்பு இரும்பு முன்னதாகவே வற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி ஆகியவை இல்லை என்பதையும் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். மாலைக்குப் பின் தேநீர், காப்பியை விடுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் தேநீருடன் விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.