ரிவர்ஸ் கியருக்கு முன்னால் ஒரு டீ

கேள்வி: அண்ணாச்சி, 12 சக்கர லாரி நான்கு வருடம் ஓட்டினேன். மூன்று மாதமாகத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து 40 அடி கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலையில் பயமில்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு மர மில்லுக்குள் பின்னால் எடுக்கும்போதுதான் கை நடுங்குகிறது. பதினைந்து பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் ஒடிக்கச் சொல்கிறார்கள். போன மாதம் காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டேன். அந்தச் செலவை முதலாளி என் பேட்டாவில் (படிக்காசில்) பிடித்துவிட்டார். இந்தத் தொழில் எனக்குச் சரிப்படாதா?
– ஓர் ஓட்டுநர், ஆலங்குளம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுவரை இடிப்பதற்கு முன் ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்ததாக அதில் ஒரு வரி இல்லை. ஏன் இறங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அத்தனை பேர் பார்க்க இறங்கினால் ‘புது டிரைவர்’ என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நானும் விலை கொடுத்திருக்கிறேன். திருநெல்வேலி டவுனில் ஓர் அரிசி குடோன் வாசலில், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தவன் மேலே பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியின் சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது. சிரிக்க வேண்டியவர்கள் அப்போதும் சிரித்தார்கள்.

ஆகவே இறங்குங்கள். வாசலின் அகலம், தரையின் சரிவு, தலைக்கு மேலே கேபிள் வயர், வேப்பங்கிளை எல்லாவற்றையும் நடந்து பாருங்கள். கன்டெய்னரில் எட்டரை அடி உயரமும் உண்டு, ஒன்பதரை அடி உயரமும் உண்டு. போன முறை நுழைந்த வாசலில் இந்த முறை அந்த ஓர் அடி தட்டும். சரக்கு இறக்கும் மேடையை நோக்கித் தரை சரிந்திருந்தால் வண்டி பின்னால் சாயும். அடிப்பக்கம் மேடையைத் தொடுமுன் கன்டெய்னரின் மேல்விளிம்பு சுவரில் இடிக்கும். மழை பெய்த கரிசல் மண் என்றால் காலால் மிதித்துப் பார்த்துவிட்டே சக்கரத்தை விடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ரிவர்ஸ் எடுப்பதில் பாதி வேலை, முன்னால் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். அதனால் வாசல் உங்கள் வலது கைப் பக்கம் வரும்படி கடந்து போய் நில்லுங்கள். வண்டியின் வால் வலது பக்கம் திரும்பும்போது ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். இடது பக்கம் திருப்பினால் வால் கண்ணுக்கு மறைந்துவிடும், கன்டெய்னர் பக்கவாட்டுத் தகரம் மட்டும் தெரியும். தெருவுக்குள் எதிர்த்திசையிலிருந்து வந்துவிட்டீர்களா? வழி இருந்தால் இரண்டு கிலோமீட்டர் சுற்றி மறுபக்கமாக வாருங்கள். ஒரு லிட்டர் டீசல் சுவரைவிட மலிவு.

லாரியில் பழகிய கைக்கு ட்ரெய்லர் நேர் எதிர். லாரியின் பின்பக்கம் வலது போக ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்தீர்கள். ட்ரெய்லருக்கு முதலில் இடதுபக்கம் ஒடிக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். வால் திரும்ப ஆரம்பித்ததும் மெல்ல எதிர்ப்பக்கம் ஒடித்து, எஞ்சின் இருக்கும் முன்வண்டியை அதன் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் முன்வண்டியும் ட்ரெய்லரும் மடக்குக் கத்திபோல மடங்கிவிடும். மடங்குகிறது என்று தோன்றிய உடனே நிறுத்தி, முன்னால் எடுத்து நேராக்குங்கள். மூன்று தடவை முன்னால் எடுத்தாலும் தப்பில்லை.

அந்தப் பதினைந்து பேர்? ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். திருப்புவதோ சக்கரத்தடியில் கட்டை போடும் சிலர். உங்களுக்குக் கிளீனர் ஒருவர் போதும். அவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டியில் ஒரு தடவை தட்டினால் நில், இரண்டு தடவை தட்டினால் வா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் பிரேக்கை மிதியுங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம். ஆனால் பின்னால் எடுக்கும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தட்டு காதில் விழாது.

கன்டெய்னர் கதவைத் திறந்து பக்கவாட்டில் மாட்டிவிட்டுத்தான் மேடையில் அணைக்க வேண்டும். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இதை மறந்து, மறுபடி முன்னால் எடுப்பார்கள்.

பேட்டா விஷயம்: சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்குமுன் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது என்பது சட்டம். முதலாளியிடம் தணிவாக, ஆனால் கேட்டே விடுங்கள். இனி வாசலில் நின்றதும் சுவரையும் தூணையும் போனில் படம் எடுத்துவையுங்கள். பழைய கீறலுக்கும் உங்கள் பெயரைச் சொல்வார்கள்.

தொழில் சரிப்படுமா என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அடுத்து அதே மில்லுக்கு லோடு கிடைத்தால், முந்தின நாள் பைக்கில் போங்கள். எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டு, வேறொருவர் வண்டியை உள்ளே விடுவதைப் பாருங்கள். எந்த வண்டி எந்தத் தூணில் எப்போது இடித்தது என்ற வரலாறு முழுக்க அந்த டீக்கடைக்காரரிடம் இருக்கும். உங்கள் சுவர் உட்பட.