உண்மையைத்தானே சொன்னேன்: வாசகர் கேள்வி - பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, நாவினால் நேர்ந்த காயங்களைப் பற்றியவை. அவற்றில் ஐந்திற்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்திற்கான பதில் நீண்டுவிட்டது. அது என் ஊழியத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் நினைப்பூட்டியதே காரணம்.

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்திற்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஜெபக் குறிப்புகளை அதில் பகிர்ந்துகொள்வோம். எங்கள் தெருவில் உள்ள ஒரு சகோதரியின் மகள், திருமணமாகி ஏழு மாதத்தில் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தின் சமாதானத்திற்காக ஜெபிக்கும்படி, காரணத்தையும் குறிப்பிட்டு, நான் பதிவிட்டேன். அன்றுமுதல் அந்தச் சகோதரி என்னோடு பேசுவதில்லை. ஆராதனைக்கும் வேறு சபைக்குப் போகிறார். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என்மேல் என்ன தவறு?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால், சொன்னது உண்மை என்பதாலேயே சொன்னது சரியென்று ஆகிவிடாது என்பதை வேதாகமமே ஒரு கொடிய சம்பவத்தின் மூலம் காட்டுகிறது. தாவீது சவுல் ராஜாவுக்குத் தப்பி நோபு ஊருக்கு ஓடிவந்தபோது, ஆசாரியனாகிய அகிமெலேக்கு அவனுக்கு அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோமியனாகிய தோவேக்கு, சவுலிடம் போய்ச் சொன்னான். அப்பம் கொடுத்தது உண்மை. பட்டயம் கொடுத்ததும் உண்மை. தாவீது ராஜாவின் காரியமாய் வந்ததாகச் சொன்னதை நம்பித்தான் ஆசாரியன் அவற்றைக் கொடுத்தான் என்பது மட்டும் தோவேக்கின் பேச்சில் இல்லை. அந்தப் பேச்சின் முடிவில், ஆசாரிய உடையாகிய சணல்நூல் ஏபோத்தைத் தரித்திருந்த 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். 1 சாமுவேல் 21, 22 ஆம் அதிகாரங்களை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்தத் தோவேக்கை முன்னிட்டுப் பாடப்பட்டதாகத் தலைப்பிலேயே சொல்லப்படும் 52 ஆம் சங்கீதம், அவன் நாவைத் தீட்டப்பட்ட சவரகன் கத்திக்கு ஒப்பிடுகிறது.

உங்களைத் தோவேக்கு என்று நான் சொல்லவரவில்லை. அவன் நோக்கம் உங்களுக்கு இல்லை. ஆனாலும், ஒரு வீட்டின் துயரம் அந்த வீட்டாருக்கே உரியது. அதை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தத் தாய்க்கும் மகளுக்கும் உண்டு. நீங்கள் நல்லெண்ணத்தோடேயே அந்த உரிமையை அவர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். "புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்கிறது நீதிமொழிகள் 11:13. இங்கே புறங்கூறுகிறவனுக்கு எதிரே நிறுத்தப்படுகிறவன், காரியத்தைத் தனக்குள் அடக்கி வைக்கிறவன். உண்மை பேசுகிறவன் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

நான் புதிதாக ஊழியத்திற்கு வந்த காலத்தில், ஒரு கிராமச் சபையின் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், குடிப்பழக்கத்திற்கு அடிமைப்பட்டிருந்த ஒரு சகோதரனுக்காகச் சத்தமாக ஜெபித்தேன். பெயரைச் சொல்லவில்லை. அறுபது வீடுகள் உள்ள ஊரில் பெயர் எதற்கு? கண்ணைத் திறந்தபோது, அவருடைய மனைவி பாயில் உட்கார்ந்தபடியே சேலைத் தலைப்பை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "ஐயா, நீங்க எங்க வீட்டுக்குள்ள வந்து இதையே சொல்லி ஜெபிச்சிருந்தா, நானும் சேர்ந்து ஆமென் சொல்லியிருப்பேன்" என்றார். வேதாகமக் கல்லூரியில் எனக்கு ஒருவரும் கற்றுத்தராததை அன்று அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஜெபக் குறிப்புகளைப் பொறுத்தமட்டில் நான் சொல்வது இதுதான்: சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சம்மதித்தால், அவர் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் உங்கள் அறைக்குள் பிரவேசித்து, கதவைப் பூட்டி, நீங்களே ஜெபியுங்கள். காரணம் தெரிந்தால்தான் ஊக்கமாக ஜெபிக்க முடியும் என்று குழுவில் ஒருவர் கேட்டால், காரணம் ஆண்டவருக்குத் தெரியும் என்று அன்போடு சொல்லிவிடலாம்.

இனி, உடைந்ததைச் சரிசெய்யும் வழி. பதிவை அழித்துவிட்டால் போதாது, வாசித்தவர்கள் மனதில் அது இருக்கும். நேரில் போங்கள். "உங்கள் நன்மைக்காகத்தான் எழுதினேன்" என்று தொடங்க வேண்டாம்; அது மன்னிப்புக் கேட்பதாகாது, வழக்காடுவதாகும். "உங்களைக் கேட்காமல் எழுதியது என் தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். குழுவிலும் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கும் அந்தத் தாயின் சம்மதத்தைப் பெற்ற பிறகே எழுதுங்கள். எழுதும்போது பழைய விஷயத்தை மறுபடியும் விவரிக்காதீர்கள். அவர் உடனே மன்னிக்காவிட்டாலும் பொறுத்திருங்கள். காயப்பட்டவருக்கு நாம் காலக்கெடு விதிக்க முடியாது.

கேள்வி: நான் எதையும் ஒளித்துப் பேசாதவன். என் மகன் பிளஸ் டூ தேர்வில் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியபோது, "நீ உருப்படமாட்டாய்" என்று சொன்னேன். இரண்டு ஆண்டுகளாகியும் அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிள்ளைகளிடம் சத்தியத்தைப் பேசுவது தகப்பனுடைய கடமை அல்லவா?
- ஒரு சகோதரர், நாகர்கோவில்

பதில்: சகோதரரே, மதிப்பெண் குறைவு என்பது சத்தியம். "உருப்படமாட்டாய்" என்பது சத்தியமல்ல. அது ஒரு தீர்ப்பு. அந்தப் பிள்ளையின் நாளையை நீங்கள் பார்த்ததில்லை, அதைப் பார்த்திருக்கிறவர் ஒருவரே. அவர் சொல்லாததை அவருடைய பிள்ளைக்கு நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

எபேசியர் 4:29-ல் "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று பவுல் எழுதும்போது, "கெட்ட" என்பதற்குக் கிரேக்கத்தில் அவர் எழுதிய சொல் "சாப்ரோஸ்". வலையில் சிக்கியவற்றில் ஆகாத மீன்களை எறிந்துபோடுவார்கள் என்று மத்தேயு 13:48-ல் ஆண்டவர் சொல்லும் உவமையில், "ஆகாதவை" என்பதற்கும் இதே சொல்தான் வருகிறது. கடற்கரைக்கு அருகில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன மீனை வீட்டில் ஒரு மூலையில் வைத்தால், வீடு முழுவதும் அது தெரியும். நாம் "கெட்ட வார்த்தை" என்றவுடன் தெருச்சண்டையில் கேட்கும் ஆபாசப் பேச்சை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். கேட்கிறவருக்குள் எதையும் கட்டி எழுப்பாமல் அழுகவைக்கிற எந்தச் சொல்லும் அதில் அடங்கும் என்பதே என் துணிவு. ஒரு ஆபாசச் சொல்லும் இல்லாத வாக்கியங்களால் எத்தனையோ பிள்ளைகள் நொறுங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தீர்க்கதரிசியாகிய நாத்தான் தாவீதைக் கண்டித்தான். "நீயே அந்த மனுஷன்" என்பதைவிடக் கூர்மையான சொல் உண்டோ? ஆனால் அதற்குமுன் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொல்லி, தாவீது தானே தன் பாவத்தைக் காணும் இடத்திற்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துப் போனான். பவுலும் தகப்பன்மாருக்கென்றே ஒரு வசனம் எழுதியிருக்கிறார்: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" (கொலோசெயர் 3:21). உங்கள் மகன் திடனற்றுப் போயிருக்கிறான். அவன் வந்து பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொன்னவர் நீங்கள்; முதலில் பேச வேண்டியவரும் நீங்களே. பெரிய பிரசங்கம் வேண்டாம். "அன்று நான் சொன்னது தவறு, தம்பி" என்றால் போதும்.

கேள்வி: எங்கள் சபையில் ஆலயக் கட்டட நிதியின் கணக்கு இரண்டு வருடங்களாக வாசிக்கப்படவில்லை. கேட்டால், "கோள் சொல்லித் திரியாயாக" என்ற வசனத்தைச் சொல்லி வாயை அடைக்கிறார்கள். நான் மௌனமாயிருப்பதுதான் கிறிஸ்தவப் பண்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இல்லை. அந்த வசனம் லேவியராகமம் 19:16-ல் இருக்கிறது. அடுத்த வசனத்தையும் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறன்மேல் பாவம் சுமராதபடி அவனை எப்படியும் கடிந்துகொள்ள வேண்டும் என்று அதிலே இருக்கிறது. கொரிந்து சபையில் வாக்குவாதங்கள் உண்டென்று குலோவேயாளின் வீட்டார் பவுலுக்கு அறிவித்தார்கள். பவுல் அதைக் கோள் என்று தள்ளவில்லை; யார் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் தன் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதினார். அவர்கள் பொறுப்பானவரிடம், தங்கள் பெயரோடு சொன்னார்கள். டீக்கடையில் சொல்வதற்கும், மொட்டைக் கடிதாசி போடுவதற்கும், இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. நீங்களும் முதலில் பொருளாளரைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு பேரோடு போங்கள். பிறகு சேகரக் கமிட்டியில் எழுத்துமூலம் கேளுங்கள். "கணக்கு வாசிக்கப்படவில்லை" என்பது உங்களுக்குத் தெரிந்தது, அதைச் சொல்லுங்கள். "பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்பது உங்களுக்குத் தெரியாதது, அதைச் சொல்லாதீர்கள்.

இதோடு இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்திருந்தால், மத்தேயு 18-ஐக் காட்டி, குற்றம் செய்தவனோடு முதலில் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்வது பெரும் பாவம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். சபையின் மானம் போய்விடும் என்பார்கள். அந்தப் பிள்ளைக்காக ஒருவரும் வாய்திறக்காதபோதே அது போய்விட்டது. "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்பது கட்டளை.

கேள்வி: "எனக்கு உடம்பு சரியில்லை" என்று வாயால் சொல்வது அவிசுவாச அறிக்கை என்று ஒரு ஊழியர் சொன்னார். மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறதாமே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பவுல் தம் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக எழுதுகிறார். நம் ஆண்டவரே கெத்செமனேயில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். வலியை வலி என்று சொல்வது பாவமானால், சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டும். மருத்துவரிடம் எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்லுங்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்கிற நாவைத்தான், நீங்கள் குறிப்பிட்ட அந்த நீதிமொழிகள் 18:21-ஐக் கொண்டு சோதிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 78 வயது. முழங்கால் வலியால் ஆலயத்திற்கும் போக முடியவில்லை. பேசுவதைத் தவிர என்னால் எதுவும் ஆகாது. ஆண்டவருக்கு நான் என்ன செய்ய முடியும்?
- ஒரு தாயார், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, அப்போஸ்தலர் நடபடிகளில் யோசே என்றொருவர் வருகிறார், சீப்புரு தீவைச் சேர்ந்தவர். அவருக்கு அப்போஸ்தலர் வைத்த பெயர்தான் பர்னபா, அதாவது ஆறுதலின் மகன். பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, சீஷர்கள் எல்லாரும் அவனுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவனைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்ததெல்லாம் உண்மை. பர்னபா மட்டும் அவனைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், வழியிலே அவன் கர்த்தரைக் கண்டதையும், தமஸ்குவில் தைரியமாகப் பிரசங்கித்ததையும் எடுத்துச் சொன்னார். ஒருவனைக் குறித்து எல்லாரும் அறிந்த உண்மைக்குப் பக்கத்தில், ஒருவரும் அறியாத இன்னொரு உண்மையைக் கொண்டுபோய் வைத்தார். சவுலுக்கு வாசல் திறந்தது.

"பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளைகளில் நாம் எண்ணும் முறையில் ஒன்பதாம் கட்டளை. லுத்தரன் சபையாருக்கு அது எட்டாவது. 1529-ல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம், பொய் சொல்லாமலிருப்பதோடு நில்லாமல், அயலானுக்காகப் பரிந்து பேசவும், அவன் செய்வதை நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்கிறது.

உங்களிடம் தொலைபேசி இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் சபையில் யாரைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்களோ, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல காரியத்தை, அப்பேச்சு உங்கள் காதில் விழும்போது சொல்லுங்கள். பிறகு அவரையே அழையுங்கள். அவராகச் சொல்லாதவரை, ஆலயத்திற்கு ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.